இரண்டு காதுகள், ஒரு ஒற்றைக்கால்

தமிழ்நிலாவுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. அதற்குள் அவளுடைய இரண்டு காதுகளையும் இரண்டு தாய்மாமன்கள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

வலது காது பெரிய மாமன் முத்துக்கிருஷ்ணனுக்கு. இடது காது சின்ன மாமன் கருப்புசாமிக்கு. ஆசாரி வலது காதைக் குத்தும்போது குழந்தை பெரியவர் மடியில் இருக்கும். குத்தி முடித்ததும் அப்படியே தூக்கிச் சின்னவர் மடியில் வைக்கவேண்டும். குஜிலியம்பாறையைத் தாண்டி, மானாவாரிக் கடலைக் காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில் பெரிய மனிதர்கள் கூடி, ஒரு பகல் முழுக்கப் பேசி எடுத்த முடிவு இது. வரப்புத் தகராறைக்கூட அவர்கள் இவ்வளவு நுட்பமாகத் தீர்த்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசாமல் விட்டுவிட்டார்கள். வீடியோ.

அந்த விஷயம்தான் இப்போது திண்டுக்கல் பேகம்பூரில், வீடியோக்காரர் ஜெகபர் அலியின் ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் பாய்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார் கருப்புசாமி. "எங்கண்ணன் காது எப்புடி ஆடாம வருதோ, அதே மாதிரி என் காதும் ஆடாம வரணும்."

"கொழந்த காது தம்பி."

"என் மடியில இருக்கும்போது அது என் காதுதான். போன வருசம் எந்தங்கச்சி மலர்விழி புது வீடு குடிபோனப்ப என்ன நடந்துச்சு? அவன் சீரு வரும்போது படம் கல்லு மாதிரி நிக்கிது. என் சீரு வரும்போது பூகம்பம் வந்த மாதிரி ஆடுது. தட்டுல இருக்குறது ஆப்பிளா மாதுளையான்னு ஒருத்தனுக்கும் தெரியல. ஒங்கண்ணன் பாயைத் தனியாக் கவனிச்சிட்டாரான்னு ஊரே கேக்குது."

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றேன் தம்பி, அப்படியெல்லாம் இல்ல."

"இல்லேன்னுதான் நானும் நெனைக்கிறேன். இந்தத் தடவையும் ஆடுச்சுன்னா நெனைக்கமாட்டேன்."

அவர் போய்விட்டார். ஜெகபர் அலி மேசைக்கு அடியில் மறைத்து வைத்திருந்த வலது கையை எடுத்து வெளியே வைத்தார். கை தன்பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

கவனிப்பும் இல்லை, கட்சியும் இல்லை. புதுவீட்டு விசேஷத்தில் கருப்புசாமியின் சீர் தாமதமாக வந்தது. அதற்குள் கை சோர்ந்துவிட்டது. அவ்வளவுதான். வருடக்கணக்காகத் தோளில் கேமராவைச் சுமந்ததில் கழுத்து நரம்பு நசுங்கியிருக்கிறது, கனம் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது மனைவி நர்கீஸுக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே தெரிந்தால் கதை முடிந்தது. அந்தப் பங்காளிக் கூட்டத்தின் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாம் ஜெகபர் அலிக்குத்தான் வரும். அவர் எடுக்கும் அழகுக்காக அல்ல. சொந்தத்தில் யாரைக் கூப்பிட்டாலும் ஒரு தரப்பு கோபித்துக்கொள்ளும். பாய் யாருக்கும் சொந்தமில்லை. ஸ்டுடியோ ஓடுவதே அவர்களால்தான். கை ஆடுகிற வீடியோக்காரன் என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

பெரியவர் முத்துக்கிருஷ்ணன் ஏற்கெனவே போனில் பேசியிருந்தார். அவர் கோரிக்கை இன்னும் எளிமையானது. "என் காதுல ஆட்டம் இருக்கப்படாது பாய். அவன் காதுல லேசா இருந்தா நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

நர்கீஸ் இதையெல்லாம் உள்ளே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெகபர் அலி எடுப்பதையெல்லாம் வெட்டி ஒட்டுவது அவள்தான். எந்தெந்த விசேஷத்தில் எந்த மணிக்குமேல் புருஷன் கை ஆட ஆரம்பிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"முக்காலி ஸ்டாண்டு கொண்டு போங்களேன்."

"காதுகுத்துக் கூட்டத்துலயா? போன தடவ ஒரு அத்தம்மா சேல மாட்டி, ஸ்டாண்டோட சேந்து விழுந்துச்சு. இன்னும் அந்த வீட்டுல மொகம் குடுத்துப் பேசமாட்டேங்கிறாங்க."

அவள் போனை எடுத்து எதையோ தேடினாள். சில நாளில் நீளமான ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்தால், உள்ளே ஒரு மோனோபாட். ஒரே ஒரு கால். ஒன்றுக்குள் ஒன்று செருகிய கறுப்புக் குழாய்கள்; இழுத்தால் ஆள் உயரத்துக்கு நீளும், மேலே கேமராவைத் திருகிக்கொள்ளலாம். கையில் எடுத்தால் முருங்கைக்காய்க் கனம்கூட இல்லை.

"இது நிக்குமா?"

"தானா நிக்காது. நீங்க நின்னா அதுவும் நிக்கும்" என்றாள் நர்கீஸ்.

மொட்டைமாடியில் பயிற்சி நடந்தது. நர்கீஸ் ஒரு தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுதான் தமிழ்நிலா. குச்சியை முன்னால் ஊன்றி, கால்களை அகட்டி வைத்து, முழங்கைகளை விலாவோடு இறுக்கி, லேசாக முன்னால் சாய்ந்தால், கேமராவின் கனமெல்லாம் தரைக்குப் போய்விட்டது. கைக்கு வேலை பிடித்துக்கொள்வது மட்டும்தான். முதலில் தேங்காய் ஆடியது. மூச்சை வெளியே விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள்.

"தேங்கா தேங்காயாவே இருக்குங்க" என்றாள் நர்கீஸ். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

காதுகுத்து நாள். காலை வெயிலிலேயே தரை கொதித்தது. குலசாமி கோயிலுக்கு இந்தப்பக்கம் ஒரு பிளெக்ஸ், அந்தப்பக்கம் ஒரு பிளெக்ஸ். இரண்டும் ஒரே அளவு. இதற்கும் பஞ்சாயத்து நடந்திருக்கும்போல. பெரிய மாமன் கறுப்புக் கண்ணாடியோடு சிரித்தார். சின்ன மாமன் கறுப்புக் கண்ணாடியோடு சிரிக்காமல் இருந்தார். குழந்தையின் படம் இரண்டிலும் ஒரு மூலையில், தபால்தலை அளவில் இருந்தது.

முதலில் பெரியவர் சீர். தெருமுனைப் பிள்ளையார் கோயிலருகே வேன் வந்து நின்றது. தட்டுகள் இறங்கின. நிலக்கோட்டையிலிருந்து விடியக்காலை வந்த மல்லிகைப் பந்துகள், ஆப்பிள் கோபுரம், பட்டுப்பாவாடை, மாலை போட்ட ஒரு கிடாய். உறுமிக்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேமராவில் பேட்டரி மாற்றவேண்டியிருந்தது. ஜெகபர் அலி மோனோபாடைக் கழற்றி, சுருக்கி, வேன் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து உறுமி கிளம்பிவிட்டது. வெடி வெடித்தது. ஊர்வலம் நகர்ந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார், இரண்டு காட்சி எடுத்துவிட்டுக் குச்சியை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று.

திரும்பி வந்தால், குச்சி இல்லை.

வேனுக்கு அடியில் பார்த்தார். டிரைவரைக் கேட்டார். "இங்க இருந்ததெல்லாம் பொம்பளயாளுக எடுத்துட்டுப் போயிட்டாங்களே" என்றார் டிரைவர். மறுபடி முன்னால் ஓடி, கேமராவைத் தூக்கி, வரிசையாக வரும் தட்டுகளைப் பார்த்தார்.

ஆப்பிள் கோபுரம் வந்தது. பட்டுப்பாவாடை வந்தது. அவற்றுக்குப் பின்னால் ஒரு தாம்பாளம் வந்தது. அதில் வெற்றிலை பாக்கு பரப்பி, மல்லிகை சுற்றி, சந்தனமும் குங்குமமும் வைத்து, அவருடைய மோனோபாட்.

புதிதாக ஒரு சாமான், சீர் வேனில் சாய்ந்து, தட்டில்லாமல் அநாதையாக நின்றால், சீர் சுமக்க வந்த பெண்கள் என்ன செய்வார்கள்? செய்யவேண்டியதைச் செய்துவிட்டார்கள்.

குலசாமி கோயில் முன்னால் ரேடியோ செட்காரர் அருளப்பன் மைக்கோடு தயாராக நின்றார். ஒவ்வொரு தட்டும் வர வர அறிவித்தார். "தாய்மாமன் முத்துக்கிருஷ்ணன் அவர்கள் அன்பு மருமகளுக்கு வழங்கும் பட்டுப்பாவாடை... வெள்ளிக் கொலுசு..." அடுத்த தட்டைப் பார்த்ததும் மைக் ஒரு கணம் தடுமாறியது. ஆனால் எத்தனையோ விசேஷம் பார்த்த குரல் அது. "மற்றும், நவீன சாதனம் ஒன்று."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"என்னத்தா அது?"

"சிங்கப்பூர் சாமானாம். புள்ள நடக்கப் பழகுறதுக்காம்."

"நடவண்டி மூணு சக்கரத்துலல்ல இருக்கும்?"

"இது இப்ப வந்திருக்கது. நம்ம முத்துக்கிருஷ்ணன் யாரு."

முத்துக்கிருஷ்ணனுக்கே அது என்னவென்று தெரியவில்லை. ஆனால் கூட்டம் வாயைப் பிளந்து பார்ப்பது தெரிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் எல்லாப் பக்கமும் கும்பிடு போட்டார். எதிரே, தன் சீரோடு காத்திருந்த கருப்புசாமியின் முகம் இருண்டது. அவருடைய தட்டுகளில் நவீன சாதனம் எதுவும் இல்லை.

ஜெகபர் அலி குழந்தையின் தாய் மலர்விழியிடம் ஒதுங்கிப் போய்ச் சொன்னார். "அம்மாடி, அது என்னோட சாமான்."

"தெரியும் பாய். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு." மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "இப்பப் போயிச் சொன்னா பெரியண்ணன் மானம் போயிரும், சின்னண்ணன் வாழ்நாள் பூரா சிரிக்கும். ரெண்டும் என் தலையிலதான் விடியும். பெரியண்ணன்ட்டயே செத்த நேரம் கேட்டு வாங்கிக்கங்க பாய். நல்லாருப்பீங்க."

வேறு வழியில்லை. ஜெகபர் அலி தன்னுடைய மோனோபாடை இரவல் கேட்கப் போனார்.

"அண்ணே, அந்த நவீன சாதனத்துல கேமராவ வச்சா படம் ஆடாது. செத்த நேரம் குடுத்தீங்கன்னா..."

முத்துக்கிருஷ்ணன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், எல்லோரும் கேட்கிறார்களா என்று. "எடுத்துக்க பாய். நம்ம வீட்டுச் சாமான எடுக்க என்ன கேள்வி. பாத்து, கீறல் விழாம."

வலது காது. ஆசாரி தங்கக் கம்பியை விரலில் உருட்டினார். ஜெகபர் அலி குச்சியை ஊன்றினார், காலை அகட்டினார், சாய்ந்தார், மூச்சை விட்டார். குழந்தை வீரிட்டது. கண்ணாடியைக் கழற்றிய பெரியவரின் கண் கலங்கிய முகமும் காதும் கம்பியும் திரையில் அப்படியே நின்றன. மாடியில் பார்த்த தேங்காய்க்குச் சற்றும் குறைவில்லை.

பாதி வேலை முடிந்தது. குழந்தை கைமாறியது. கருப்புசாமி மடியில் வாங்கிக்கொண்டு, ஆசாரியைக் கையால் தடுத்தார்.

"அந்தக் குச்சி வேண்டாம் பாய்."

"தம்பி, இது இருந்தாத்தான் ஆடாது."

"அவன் சீரா வச்ச சாமான ஊனி என் காத எடுத்தா, நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? கருப்புசாமி காது அண்ணன் தயவுலதான் நின்னுச்சும்பான். வேண்டாம்."

முத்துக்கிருஷ்ணன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார். ஆனால் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு வருடங்கள் ஆகின்றன. "குடுத்தாத்தான வேண்டாங்கணும். அவன்ட்ட சொல்லு பாய்" என்றபடி ஜெகபர் அலியிடமிருந்து குச்சியைத் தானே கழற்றி வாங்கிக்கொண்டார்.

"நான் கேக்கலன்னு நீங்க அவன்ட்ட சொல்லுங்க பாய்."

இது என் சாமான், என் வீட்டுக்காரி வாங்கியது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஜெகபர் அலி மலர்விழியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். கையிலிருந்த கேமரா இப்போதே நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆசாரி, "நல்ல நேரம் போயிரும்யா" என்று முனகினார்.

காதைவிட அதிகமாக ஆடப்போவது தன் ஸ்டுடியோ என்று ஜெகபர் அலிக்குப் புரிந்தது. எதிலாவது சாயவேண்டும். தூண் இல்லை. சுவர் இல்லை. பக்கத்தில் இருந்ததெல்லாம் ஒன்றுதான். குச்சியைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும் முத்துக்கிருஷ்ணன். குட்டையான ஆள். தோள் சரியான உயரம்.

அவர் காதருகே போனார். "அண்ணே, ஒங்க தோளு வேணும். சின்னவர் காத எடுக்குற கேமராவே ஒங்க தோள்லதான் நின்னுச்சுன்னா, அப்புறம் பேச்சே இல்லண்ணே."

முத்துக்கிருஷ்ணன் யோசித்தார். மார்பு விரிந்தது. "வையி."

கருப்புசாமி பக்கம் குனிந்தார். "தம்பி, ஒங்க காதுக்காக ஒங்கண்ணன் கேமராவச் செமக்கப் போறாரு."

கருப்புசாமி முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு. "செமக்கட்டும்."

பெரியவர் குச்சியைத் தரையில் ஊன்றி, ஐயனார் கோயில் சிலைபோல் நின்றார். ஜெகபர் அலி அவர் முதுகுப்பக்கம் வந்து, தோளில் கேமராவை அழுத்தினார். உறுமி நின்றது. ஆசாரி குனிந்தார். குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு காது அனுபவம் ஆகிவிட்டது. கம்பியைக் கண்டதும் வில்லாக வளைந்து துள்ளியது. தலை பின்னால் சாய்ந்தது. கம்பி முனை கன்னத்துக்கு மயிரிழையில் வந்தது.

"ஏலே கருப்பா, புள்ள கழுத்தப் புடிறா."

"சரிண்ணே."

கை கழுத்துக்குப் போனது. தலை நிமிர்ந்தது. கம்பி ஏறியது. குழந்தையின் அலறலும் உறுமியும் வெடியும் ஒன்றாகக் கிளம்பின. ஆனால் அதற்கு முந்திய அமைதியில் ஊர் முழுக்க அந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்டுவிட்டது. சொன்னவர்களும் கேட்டுவிட்டார்கள். இருவரும் தேள் கொட்டியது மாதிரி வேறு வேறு பக்கம் திரும்பினார்கள்.

பந்தியில் கறியும் சோறும் விழுந்தபோது, ஜெகபர் அலிக்குப் பக்கத்து இலையில் முத்துக்கிருஷ்ணன் வந்து உட்கார்ந்தார். எலும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாய், ஒனக்குக் கை ஆடுது."

ஜெகபர் அலியின் சோறு இலையிலேயே நின்றது.

"என் தோளு மேல தவுலு வாசிச்ச மாதிரி இருந்துச்சு. நான் மூச்சப் புடிச்சு நிக்காட்டி தெரிஞ்சிருக்கும் சேதி. சரி, அது எதுக்கு நமக்கு? நான் கேக்குறபடி வெட்டுனா வெளிய சொல்லல, இல்லேன்னா சொல்லிருவேன். வீடியோல நான் அவன்ட்ட பேசுனது மட்டும் இருக்கப்படாது. அவன் 'சரிண்ணே'ன்னு சொன்னது இருக்கணும்."

"நீங்க பேசாம அவரு எதுக்குண்ணே சரிண்ணேம்பாரு?"

"மரியாதைக்குச் சொல்றான்னு வச்சுக்க. ரசம் ஊத்தச் சொல்லவா?"

கை கழுவும் இடத்தில் கருப்புசாமி காத்திருந்தார். "அண்ணன்தான் மொதல்ல வாயத் தொறந்தான். அது வீடியோல இருந்தே ஆகணும் பாய். நான் என்னமோ சொன்னனாமே, அத மட்டும் தூக்கிருங்க. மாத்தி வெட்டுனீங்கன்னா, நீங்க அவன் ஆளுன்னு நான் முடிவு பண்ணிக்கிருவேன்."

வீட்டில் நர்கீஸ் இரண்டு விதமாகவும் வெட்டிப் பார்த்தாள். அண்ணன் குரலை எடுத்தால், தம்பி உறுமிக்காரரைப் பார்த்துச் "சரிண்ணே" என்றார். தம்பி குரலை எடுத்தால், அண்ணன் கூப்பிட்டது அந்தரத்தில் நின்றது. இடது காது மட்டும் எப்படி வெட்டினாலும் பாறை மாதிரி இருந்தது. வலது காதைவிட ஒரு படி மேல்.

"ரெண்டும் இருந்தாத்தாங்க புள்ள தலை ஏன் நிமிந்துச்சுன்னு புரியிது" என்றாள். "என்ன செய்ய?"

ஜெகபர் அலி திரையைப் பார்த்தார். தன் கையையும் பார்த்தார். "இருக்குறபடியே குடுத்துரு. பெரியவரு வெளிய சொன்னாச் சொல்லிக்கிரட்டும்."

முத்துக்கிருஷ்ணன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். டீக்கடையில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார், ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி போய்ச் சொன்னார். பாய்க்குக் கை ஆடுது. ஸ்டுடியோ போன் அடிப்பது நின்றது. நர்கீஸ் இன்னொரு மோனோபாட் வாங்கியிருந்தாள். முதலாவது மலர்விழி வீட்டுச் சாமி அறையில் பூவோடு நிற்கிறது, கேட்க முடியாது. அந்தப் புதுக் குச்சியைத் துடைத்துத் துடைத்து வைப்பதைத் தவிர ஜெகபர் அலிக்கு வேலை இல்லை.

ஒருநாள் மத்தியானம் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. கருப்புசாமி. இது ஷட்டரை மூடச் சொல்ல வந்த ஆள்தான் என்று ஜெகபர் அலி முடிவே செய்துவிட்டார்.

"என் பேச்ச நீங்க வெட்டலன்னு எனக்குக் கோவந்தான் பாய்" என்று கருப்புசாமி ஆரம்பித்தார். "ஆனா அவன் பண்ணுறது அக்கிரமம். ஒங்களுக்குக் கை ஆடுதுன்னு ஊர் ஊராச் சொல்லிட்டுத் திரியிறான். நான் சும்மா விடல. டீக்கடை டிவில ரெண்டு காதையும் போட்டுக் காட்டுனேன். சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியிது, அவன் காதக் காட்டிலும் என் காது நல்லா நிக்கிது. அந்த வயித்தெரிச்சல்ல பேசுறான்னு எல்லாருக்கும் வெளங்கிருச்சு. நம்ம ஆளுக அம்புட்டுப் பேரும் இனிமே பாய்தான்னு சொல்லிட்டாங்க. வார மாசம் என் மக சடங்கு. நீங்கதான் வாரீங்க."

நர்கீஸ் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருங்கள் என்பதுதான் அந்தப் பார்வை. ஜெகபர் அலியால் முடியவில்லை.

"தம்பி, ஒங்ககிட்ட மறைக்க விரும்பல. ஒங்கண்ணன் சொல்றது நெசம். எனக்குக் கை ஆடுது."

சொல்லிவிட்டுக் கிளாஸை எடுத்தார். கிளாஸ் கிடுகிடுவென்று ஆடியது. டீ தளும்பி மேசையில் கொட்டி, கருப்புசாமியின் வேட்டிப் பக்கம் ஓடியது.

கருப்புசாமி தோள் துண்டை எடுத்து டீயைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்த மனசு யாருக்கு வரும் பாய். ஒங்கள இம்புட்டு அசிங்கப்படுத்தியும் அவன விட்டுக்குடுக்கக்கூடாதுன்னு கைய வேற ஆட்டிக் காட்டுறீங்களே."